கம்பெனி ரத்தப் பரிசோதனை: சிகரெட் பிடிப்பவருக்கும் வயதானவருக்கும் ஒரே அளவுகோலா?

மூன்றாம்_ஷிப்ட்

கோயம்புத்தூர் பக்கம் ஒரு ஃபவுண்டரியில் (வார்ப்பாலை), உலோகத்தை உருக்கும் மெல்டிங் பிரிவில் இருக்கிறேன், வயது 46. வருடாந்திர மெடிக்கல் செக்கப் முடிந்து எல்லார் கைக்கும் ரிப்போர்ட் வந்துவிட்டது. இங்கே யாரும் நோயாளி இல்லை, எல்லாரும் தினமும் வந்து கனமான வேலை பார்க்கிறவர்கள்தான். ஆனால் என் ரிப்போர்ட்டில் மட்டும் நாலு இடத்தில், அளவு எல்லைக்கு வெளியே என்று காட்டும் தடித்த எழுத்து. வெள்ளை அணு 11,400, ஹீமோகுளோபின் 17.1, நல்ல கொலஸ்ட்ரால் என்கிற எச்.டி.எல். 34, சிவப்பணு படியும் வேகத்தைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். 22. என்கூட நிற்கும் 27 வயசுப் பையனுக்கு ஒரு இடத்தில்கூடத் தடித்த எழுத்து கிடையாது. அவன் புகைப்பதில்லை. நான் ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட்டை ஒட்டி வரும்.

முகாமுக்கு வந்த டாக்டர் வெள்ளை அணுவைப் பார்த்துவிட்டு "எங்கயோ இன்ஃபெக்‌ஷன் இருக்கு" என்று ஆன்ட்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தார். எனக்குக் காய்ச்சல் இல்லை, சளி இல்லை, பல்வலிகூட இல்லை. மாத்திரையை இன்னும் தொடவில்லை.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. எங்கள் சீனியர் ஒருவருக்கு வயது 58. சிறுநீரகத்துக்காகப் பார்க்கும் கிரியேட்டினின் 1.2, பக்கத்தில் நார்மல் என்று போட்டிருக்கிறது. ஆனால் அதற்குக் கீழே ஈ.ஜி.எஃப்.ஆர். 70 என்று வந்திருப்பதைப் பார்த்து, கிட்னி முப்பது சதவீதம் போய்விட்டதாக நினைத்துச் சோறு இறங்காமல் இருக்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நுண்ணோக்கி

நான் லேப் டெக்னீஷியன். இந்த மாதிரி கம்பெனி முகாம்களுக்கு ரத்தம் எடுக்கப் போகிறவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், ரிப்போர்ட்டின் வலது ஓரத்தில் இருக்கும் அந்த அளவு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆரோக்கியமானவர்கள் என்று தேர்ந்தெடுத்த ஆட்களிடம், குறைந்தது 120 பேராவது வேண்டும் என்பது விதி, ரத்தம் எடுத்து எண்களை வரிசைப்படுத்துவார்கள். மேலே இரண்டரை சதவீதத்தையும் கீழே இரண்டரை சதவீதத்தையும் வெட்டிவிட்டு, நடுவில் இருக்கும் 95 சதவீதத்தைத்தான் அச்சடிக்கிறார்கள். ஆக, ஒவ்வொரு டெஸ்டிலும் இருபது ஆரோக்கியமான ஆட்களில் ஒருவருக்குத் தடித்த எழுத்து விழுந்தே தீரும். ஒன்றையொன்று சாராத இருபது டெஸ்ட் எடுத்தால், ஒரு நோயும் இல்லாத ஆளுக்கு எல்லாமே எல்லைக்குள் வருவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 36 சதவீதம்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள், 0.95-ஐ இருபது முறை பெருக்கினால் வந்துவிடும்.

அந்த 120 பேரைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலும் புகைக்கிறவர்களை ஒதுக்கிவிடுவார்கள், அல்லது எல்லாரையும் கலந்துவிடுவார்கள். வயதுவாரியாகப் பிரித்து அச்சடிக்கும் லேப் குறைவு. பல லேப்கள் கிட்டோடு வரும் தாளில் என்ன போட்டிருக்கிறதோ அதையே அச்சடிக்கின்றன. அது எந்த ஊர் ஆட்களிடம் எடுத்தது என்று யாரும் கேட்பதில்லை.

இப்போது உங்கள் எண்கள். புகைக்கிறவருக்கு வெள்ளை அணு, அதிலும் நியூட்ரோஃபில் என்ற வகை, சராசரியாகக் கால் பங்கு வரை கூடுதலாக இருக்கும். நுரையீரலில் ஓயாமல் ஒரு எரிச்சல் நடந்துகொண்டிருப்பதால் எலும்பு மஜ்ஜை கூடுதலாக உற்பத்தி செய்கிறது. அதோடு நிக்கோட்டின் அட்ரினலினைத் தூண்டுவதால் ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக் கிடந்த அணுக்களும் ஓட்டத்துக்கு வந்துவிடுகின்றன. எத்தனை சிகரெட்டோ அதற்கேற்ப ஏறும். புகைக்காமல் இருந்தால் 8,500 அல்லது 9,000 காட்டக்கூடிய ஆள் 11,400 காட்டுவது அதிசயம் இல்லை. உடம்பில் வேறு எந்த அறிகுறியும் இல்லாமல், எண்ணை மட்டும் பார்த்து ஆன்ட்டிபயாட்டிக் எழுதுவதுதான் எனக்கு உறுத்துகிறது. அதை விழுங்குவதற்கு முன்னால் வேறொரு டாக்டரிடம் நேரில் காட்டுங்கள்.

ஈ.எஸ்.ஆர். விஷயம் வயது சம்பந்தப்பட்டது. ஆண் என்றால் வயதில் பாதி, பெண் என்றால் வயதோடு பத்தைக் கூட்டி அதில் பாதி. அதுவரைக்கும் ஏற்றுக்கொள்ளலாம் என்று டாக்டர்கள் பழைய காலத்திலிருந்து வைத்திருக்கும் கணக்கு இது. 46 வயதுக்கு 23. உங்களுக்கு 22. லேப் 15-ஐ எல்லையாகப் போட்டதால் தடித்துவிட்டது. 27 வயசுப் பையனுக்கு இதே 22 வந்திருந்தால் நான் இன்னும் கவனமாகப் பார்ப்பேன்.

கடைசி_இருக்கை

அப்படியானால் ஹீமோகுளோபின் 17 நல்லதுதானே? எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ரத்தசோகை, முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமுமாகச் சாப்பிட்டும் 12-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. புகைக்கிறவருக்கு ரத்தம் ஊறுகிறது என்றால் எப்படி?

வெள்ளை_உடுப்பு

தொழிற்சாலை சுகாதார மையத்தில் நர்ஸாக இருக்கிறேன். இந்தக் கேள்வியை எங்கள் ஆட்களும் அடிக்கடி கேட்பார்கள், "சிஸ்டர், தம் அடிக்கிற எனக்கு 16, அடிக்காத அவனுக்கு 14, பார்த்தீங்களா" என்று.

புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்வதில் அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் வலுவானது. புகைக்காதவர் ரத்தத்தில் ஹீமோகுளோபினில் ஒன்று இரண்டு சதவீதத்துக்குள்தான் இந்த வாயு ஒட்டியிருக்கும். தினமும் புகைக்கிறவருக்கு ஐந்து, எட்டு, சிலருக்குப் பத்து சதவீதம்வரை போகும். அவ்வளவு ஹீமோகுளோபின் ரத்தத்தில் இருந்தும் ஆக்சிஜன் சுமக்காது. மீதி இருப்பதும் தன்னிடமுள்ள ஆக்சிஜனைத் திசுக்களுக்கு லேசில் விட்டுக்கொடுக்காது. இதைச் சிறுநீரகம் உணர்ந்து எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது, மஜ்ஜை இன்னும் சிவப்பணுக்களை அனுப்புகிறது. எண் ஏறுகிறது, பலன் ஏறுவதில்லை. ரத்தம் கெட்டியாவதுதான் மிச்சம்.

இதனால்தான் உலக சுகாதார நிறுவனம் ரத்தசோகையைக் கணக்கிடும்போது புகைக்கிறவரின் ஹீமோகுளோபினில் கொஞ்சம் கழித்துவிட்டுப் பார்க்கச் சொல்கிறது. 2011-ல் வந்த அட்டவணைப்படி தினம் அரை முதல் ஒரு பாக்கெட் என்றால் 0.3, ஒன்றிலிருந்து இரண்டு என்றால் 0.5, இரண்டும் அதற்கு மேலும் என்றால் 0.7 கிராம். ஆணுக்கு 13-க்குக் கீழே போனால் ரத்தசோகை. ஒன்றரை பாக்கெட் பிடிக்கிற ஆளுக்கு 13.3 வந்திருக்கிறது என்று வையுங்கள். ரிப்போர்ட்டில் தடித்த எழுத்து இருக்காது. கழித்தால் 12.8, அதாவது ரத்தசோகை. மூலத்தில் ரத்தம் போகிறதா, குடல்புண் இருக்கிறதா என்று தேடவேண்டிய ஆளை அந்த எண் நல்லவனாகக் காட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. புகை சில எண்களை ஏற்றிக் காட்டுவதைவிட இப்படி மறைப்பதுதான் எனக்குக் கவலை.

மூன்றாம்_ஷிப்ட் அண்ணா, நீங்கள் மெல்டிங் பிரிவு என்பதால் இன்னொன்றும் சொல்லவேண்டும். கோக் போட்டு எரிக்கும் க்யூபோலா உலை என்றால் அங்கேயும் இதே வாயு வரும். உலோகத்தை ஊற்றும்போது மணல் அச்சில் இருக்கும் பைண்டர் கருகினாலும் வரும். சிகரெட்டில் ஏற்கெனவே ஆறு ஏழு சதவீதம் ஏற்றிக்கொண்டு உலைக்கு முன்னால் நிற்கிற ஆளுக்குத் தலைவலியும் நெஞ்சு அடைப்பும் மற்றவர்களைவிடச் சீக்கிரம் வரும். ரத்தத்தில் இந்த வாயு எவ்வளவு என்று பார்க்கும் டெஸ்ட் எடுப்பதாக இருந்தால் ஷிப்ட் முடிந்த கையோடு எடுக்கவேண்டும். நல்ல காற்றில் நாலைந்து மணி நேரத்தில் பாதி இறங்கிவிடும். மறுநாள் காலை வெறும் வயிற்றில் எடுத்தால் உலையிலிருந்து எவ்வளவு வந்தது என்று தெரியவே தெரியாது.

செங்கல்_சாலை

சிஸ்டர் சொல்வதெல்லாம் சரி. ஆனால் ஒரு நடைமுறைப் பிரச்சினை. முகாமில் நிரப்பச் சொல்லும் ஃபாரத்தில் "புகைப்பழக்கம் உண்டா" என்று ஒரு கட்டம் இருக்கும். எங்கள் யூனிட்டில் காண்ட்ராக்ட் ஆட்கள் ஒருவர்கூட "உண்டு" என்று எழுத மாட்டார்கள். எழுதினால் அந்தத் தாள் ஹெச்.ஆர். மேசைக்குப் போகும், அடுத்த தடவை காண்ட்ராக்ட் புதுப்பிக்கும்போது அது ஒரு காரணமாகிவிடும் என்று பயம். பயம் வீண் என்று யாராலும் சொல்ல முடியாது. டாக்டருக்கு உண்மை தெரியாது, வெள்ளை அணு ஏறியிருப்பதை மட்டும் பார்ப்பார், ஆன்ட்டிபயாட்டிக் எழுதுவார். மூன்றாம்_ஷிப்ட் தோழருக்கும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தியபோது 41சி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அபாயகரமான செயல்முறை உள்ள இடங்களில் நச்சுப் பொருட்களோடு வேலை செய்கிறவர்களின் உடல்நலப் பதிவேட்டை நிர்வாகம் வைத்திருக்கவேண்டும், அதைத் தொழிலாளி பார்க்க வழி இருக்கவேண்டும் என்று அதில் எழுதினார்கள். அந்தச் சட்டத்தின் அபாயகரமான தொழில்களின் பட்டியலில் ஃபவுண்டரியும் இருந்தது. பதிவேடு தொழிலாளியின் உடம்பைக் காப்பாற்றத்தான். அவனை வடிகட்டுவதற்கு அதைப் பயன்படுத்தினால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள், அப்புறம் அந்தப் பரிசோதனைக்குச் செலவழித்த காசு முழுக்க வீண்.

மூன்றாம்_ஷிப்ட்

நீங்கள் சொன்னது சரிதான் தோழர், கட்டத்தைக் காலியாக விட்டேன். யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

வெள்ளை_உடுப்பு

ஃபாரத்தில் எழுதப் பயமாக இருந்தால் டாக்டரிடம் தனியாக வாயால் சொல்லுங்கள் அண்ணா. எத்தனை வருஷம், ஒரு நாளைக்கு எத்தனை, கடைசியாக எப்போது பிடித்தீர்கள், சிகரெட்டா பீடியா. பீடி சின்னதுதானே என்று நினைக்காதீர்கள். அது அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்கவேண்டும், ஒரு பீடியிலிருந்து உள்ளே போகும் கார்பன் மோனாக்சைடு சிகரெட்டுக்குக் குறைந்தது இல்லை.

கடைசி_இருக்கை

சாதாரண ரத்த டெஸ்டில் நாம் புகைக்கிறோம் என்று கம்பெனிக்குத் தெரிந்துவிடுமா?

நுண்ணோக்கி

தெரியாது. வெள்ளை அணுவும் ஹீமோகுளோபினும் ஏறியிருப்பதற்கு நூறு காரணம் இருக்கலாம். புகையிலையைத் தனியாகக் கண்டுபிடிக்க கோட்டினின் என்று ஒரு டெஸ்ட் உண்டு. நிக்கோட்டின் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். அது உடம்பில் மாறி உருவாகும் கோட்டினின் பாதியாவதற்கு 16 மணி நேரம் போல ஆகும், அதனால் சில நாள்வரை பிடித்துவிடலாம். இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பாலிசி போடும்போது எடுப்பது அதைத்தான். வாயில் அடக்கும் புகையிலைக்கும், நிறுத்துவதற்காக மெல்லும் நிக்கோட்டின் சூயிங்கத்துக்கும்கூட அது பாசிட்டிவ் காட்டும். இன்ஷூரன்ஸ் ஃபாரத்தில் மட்டும் தயவுசெய்து மறைக்காதீர்கள், பின்னால் குடும்பம் க்ளெய்ம் கேட்டுப் போகும்போது அதுதான் முதல் தடையாக நிற்கும்.

எண்கணக்கு

புள்ளியியல் பக்கம் வேலை செய்கிறேன். இந்த இழையில் வயதும் புகையும் தனித்தனியாக வருகின்றன, ஆனால் நிஜத்தில் இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. 50 வயதில் புகைக்கிறவர் பெரும்பாலும் முப்பது வருஷமாகப் புகைக்கிறவர். 25 வயதில் புகைக்கிறவருக்கு ஐந்தாறு வருஷம் இருக்கும். புகைக்கிறவர், புகைக்காதவர் என்று இரண்டாகப் பிரித்து சராசரி எடுத்தால், ஒரு பக்கம் வயதானவர்கள் அதிகமாக இருந்து அந்த வித்தியாசம் புகையால் வந்ததா வயதால் வந்ததா என்று தெரியாமல் போய்விடும். மூன்றாம்_ஷிப்ட் தன் எண்களை 27 வயது பையனோடு ஒப்பிட்டிருக்கிறார். 46 வயதில் புகைக்காத ஒரு சக தொழிலாளியோடும், 27 வயதில் புகைக்கிற ஒரு பையனோடும் வைத்துப் பார்த்தால்தான் எது எதனால் என்று பிடிபடும். அதைவிடவும் நல்லது அவருடைய ஐந்து வருஷம் முந்தைய ரிப்போர்ட்டோடு ஒப்பிடுவது. யாரும் பழைய ரிப்போர்ட்டை வைத்திருப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

தொழிற்சாலைகளுக்கே உரிய இன்னொரு மயக்கம் இருக்கிறது. 55 வயதிலும் உலைக்கு முன்னால் நிற்கிறவர் யார்? உடம்பு தாங்கியவர். தாங்காதவர் 45-லேயே வாட்ச்மேன் வேலைக்கு மாறியிருப்பார், அல்லது ஊருக்குப் போயிருப்பார், அல்லது இறந்திருப்பார். அவர் ரத்தம் இந்த முகாமுக்கு வருவதே இல்லை. அதனால் வேலையில் இருக்கும் வயதான தொழிலாளிகளின் சராசரி எண்கள் உண்மையைவிட அழகாகத் தெரியும். பொது மக்களோடு ஒப்பிட்டாலும் தொழிலாளிகள் ஆரோக்கியமாகத்தான் தெரிவார்கள். வேலைக்கு எடுக்கும்போதே உடம்பு பார்த்து எடுக்கிறார்கள், முடியாமல் போனவர்களை வேலையே வெளியே தள்ளிவிடுகிறது. இங்கிலாந்தில் வில்லியம் ஓகிள் 1885-லேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். "எங்கள் தொழிலாளிகள் புகைத்தும் நன்றாகத்தான் இருக்கிறார்கள், எல்லா ரிப்போர்ட்டும் நார்மல்" என்று ஒரு நிர்வாகம் சொன்னால், விட்டுப் போனவர்களின் ரிப்போர்ட் எங்கே என்று கேளுங்கள்.

அந்த 58 வயது சீனியருக்கு: கிரியேட்டினின் 1.2 என்பதை வயதோடு சேர்த்துச் சூத்திரத்தில் போட்டால் 70 வரும். இதே 1.2-ஐ 28 வயது ஆணுக்குப் போட்டால் 84 வரும். அந்த ஈ.ஜி.எஃப்.ஆர். எண் சதவீதம் இல்லை, நிமிடத்துக்கு எத்தனை மில்லி ரத்தம் வடிகட்டப்படுகிறது என்ற மதிப்பீடு. நாற்பதுக்கு மேல் வருஷத்துக்கு ஒன்று போல இறங்குவது வயதின் இயல்பு. 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நின்றாலோ, சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போனாலோதான் சிறுநீரக நோய் என்று பேசுவார்கள். ஒரு சிறுநீர் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடச் சொல்லுங்கள்.

பனியன்_நகர்

ஆண்கள் கணக்காகவே போகிறது. நான் திருப்பூரில் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன், வயது 52, சிகரெட்டைத் தொட்டதில்லை. போன தடவைவரை கொலஸ்ட்ரால் ஒழுங்காக இருந்தது, இந்தத் தடவை கெட்ட கொலஸ்ட்ரால் என்கிற எல்.டி.எல். 150-ஐத் தாண்டிவிட்டது, ஆல்கலைன் ஃபாஸ்ஃபட்டேஸும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஹீமோகுளோபின் மட்டும் பத்திலிருந்து பன்னிரண்டரைக்கு வந்திருக்கிறது. சாப்பாட்டில் ஒன்றும் மாற்றவில்லை. வீட்டுக்காரர் வீட்டுக்குள்ளேயே புகைப்பார், அதனால் எனக்கு ஏதாவது வந்திருக்குமா?

வெள்ளை_உடுப்பு

அக்கா, மாதவிலக்கு நின்று எத்தனை நாள் ஆகிறது? நீங்கள் சொல்லும் மூன்றும் அதோடு ஒத்துப்போகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் எல்.டி.எல். ஏறும். எலும்பு தேய்மானம் கூடுவதால், எலும்பிலிருந்தும் வரும் என்சைமான ஆல்கலைன் ஃபாஸ்ஃபட்டேஸ் கொஞ்சம் ஏறும். மாதாமாதம் ரத்தம் போவது நின்றதால் இரும்புச்சத்து சேர்ந்து ஹீமோகுளோபின் ஏறும். ஹீமோகுளோபின் ஏறியது சந்தோஷமான விஷயம்தான். ஆனால் எல்.டி.எல்.லை வயசு என்று விட்டுவிடக்கூடாது. மாதவிலக்கு நிற்கும்வரை பெண்களுக்கு இதயத்தில் இருந்த பாதுகாப்பு இதற்குப் பிறகு குறைந்துகொண்டே வரும். சர்க்கரை, ரத்த அழுத்தத்தோடு சேர்த்து டாக்டரிடம் காட்டுங்கள்.

வீட்டுக்காரர் புகை உங்களுக்கும் வருகிறது. பக்கத்தில் இருப்பவர் ரத்தத்திலும் கோட்டினின் தெரியும், அவரைவிட மிகக் குறைவாக. அவரை வாசலுக்காவது அனுப்புங்கள்.

மகன்_சென்னை

என் அப்பாவுக்கு நான் ஒரு பெரிய பேக்கேஜ் செக்கப் போட்டுக் கொடுத்தேன். 61 வயது, இன்னும் கணக்கு எழுதப் போகிறார், ரொம்ப வருஷமாகச் சிகரெட். அதில் சி.இ.ஏ. என்று ஒரு கேன்சர் டெஸ்ட் சேர்ந்திருந்தது. 4.3 வந்திருக்கிறது, லேப் எல்லை 3. வீட்டில் ஒரே அழுகை. புராஸ்டேட் சுரப்பிக்கான பி.எஸ்.ஏ. 3.8, அதற்கு ஒன்றும் போடவில்லை.

நுண்ணோக்கி

சி.இ.ஏ. புகைக்கிறவர்களுக்கு இயல்பாகவே கூடும். அதனால்தான் பல லேப்கள் இரண்டு எல்லை போடுகின்றன, புகைக்காதவருக்கு 3 ஒட்டி, புகைக்கிறவருக்கு 5. உங்கள் லேப் ஒன்றை மட்டும் அச்சடித்திருக்கிறது. இந்த டெஸ்ட் நோயில்லாதவரிடம் கேன்சரைத் தேடுவதற்கானதும் இல்லை. குடல் கேன்சர் என்று உறுதியாகி ஆபரேஷன் ஆனவருக்குத் திரும்பி வருகிறதா என்று தொடர்ந்து பார்க்க உதவுவது. பேக்கேஜில் எண்ணிக்கை கூட்டுவதற்காக இதைச் சேர்த்து ஆரோக்கியமான குடும்பங்களை அழவைப்பது எனக்குக் கோபம் வரவைக்கிற விஷயம். அதற்காக அந்தத் தாளைக் கிழித்துப் போடவும் வேண்டாம். மலத்தில் ரத்தம் போகிறதா, எடை குறைகிறதா, இருமல் இருக்கிறதா என்று டாக்டர் கேட்டுப் பார்த்து, சில வாரம் கழித்து ஒரு தடவை திரும்ப எடுக்கச் சொல்வார்.

பி.எஸ்.ஏ. வயதோடு ஏறுகிற டெஸ்ட். நாற்பதுகளில் 2.5, ஐம்பதுகளில் 3.5, அறுபதுகளில் 4.5, எழுபதுகளில் 6.5 என்று 1993-ல் ஓஸ்டர்லிங் குழு கொடுத்த வயதுவாரி எல்லை இன்றும் பலர் மனத்தில் வைத்துப் பார்ப்பது. 61-க்கு 3.8 அதற்குள் இருக்கிறது. 45 வயதில் இதே 3.8 வந்தால் லேப் 4 என்று எல்லை போட்டிருந்தாலும் டாக்டர் சும்மா விடமாட்டார்.

எண்கணக்கு

ஒரு எச்சரிக்கை. இந்த இழையைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் "சிகரெட்டால்தான்", "வயசுதான்" என்று தள்ளிவிடுகிற ஆபத்து இருக்கிறது. ஃபவுண்டரியில் சிலிக்கா தூசி உண்டு. சிலிக்கா காசநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும், புகையும் கூட்டும். 50 வயதில் ஈ.எஸ்.ஆர். 25 என்பது வயதுக்குள் இருக்கலாம், ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அந்தக் கணக்கு செல்லாது. சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுத்தே ஆகவேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசம்.

நுண்ணோக்கி

ரொம்பச் சரி. மூன்றாம்_ஷிப்ட் சாருக்கும் இது பொருந்தும். ஹீமோகுளோபின் 17.1 புகையால் வரலாம், ஆனால் ஆணுக்கு 16.5-ஐத் தாண்டினாலே மஜ்ஜை தானாகவே அதிகமாக உற்பத்தி செய்கிற பாலிசைத்தீமியா என்ற நோய் இருக்கிறதா என்று யோசிக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2016 வரையறை. உங்களுக்கு வெள்ளை அணுவும் ஏறியிருப்பதால் பிளேட்லெட் எவ்வளவு என்று பாருங்கள். அதுவும் ஏறியிருந்தாலோ, மண்ணீரல் வீங்கியிருந்தாலோ, குளித்தவுடன் உடம்பு அரித்தாலோ ரத்தநோய் டாக்டரிடம் போகவேண்டும். ஜாக்2 என்று ஒரு மரபணு டெஸ்ட் எழுதுவார்.

அதற்கு முன்னால், ரத்தம் எடுத்த சூழ்நிலையைச் சொல்லுங்கள். இரவு ஷிப்ட் முடித்துவிட்டு நேராகப் போனீர்களா?

மூன்றாம்_ஷிப்ட்

ஆமாம் சார். இரவு முழுக்க உலை, காலையில் கேட்டுக்கு வெளியே டீயில்லாமல் ஒரு சிகரெட், அப்புறம் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தேன். டீ குடித்தால்தான் ஃபாஸ்டிங் கெடும் என்று நினைத்தோம். பிளேட்லெட் 2.6 லட்சம். அரிப்பெல்லாம் இல்லை.

நுண்ணோக்கி

பிளேட்லெட் நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தச் சூழ்நிலையில் எடுத்த ரத்தத்தை வைத்து முடிவுக்கு வரமுடியாது. உலை முன்னால் எட்டு மணி நேரம் வேர்த்தால் உடம்பில் நீர் குறைந்து ஹீமோகுளோபின் ஏறிக் காட்டும். நின்றுகொண்டே இருந்தாலும் ரத்தம் கொஞ்சம் கெட்டியாகும், அதனால்தான் கால் மணி நேரம் உட்காரவைத்துவிட்டு எடுக்கவேண்டும். கடும் உழைப்புக்குப் பிறகு வெள்ளை அணு தற்காலிகமாக ஏறும், தசையிலிருந்து வரும் சி.கே., எஸ்.ஜி.ஓ.டி. என்ற என்சைம்களும் ஏறும். எஸ்.ஜி.ஓ.டி. ஈரல் டெஸ்டிலும் வருவது என்பதால், அது ஏறினால் குடிக்கிறாயா என்று கேட்பார்கள், பாவம். எடுப்பதற்குச் சற்று முன்னால் பிடித்த ஒரு சிகரெட் சர்க்கரையையும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனையும் ஏற்றிவிடும்.

திரும்ப எடுக்கும்போது லீவு நாளில், நன்றாகத் தூங்கி எழுந்து, பத்து பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடாமல், ஆனால் தண்ணீர் குடித்துவிட்டு, அன்று காலை சிகரெட் இல்லாமல் போங்கள்.

விட்டவன்

ஓசூரில் மெஷின் ஷாப். நான் புகையை விட்டு நாளாகிவிட்டது, முன்னும் பின்னும் எடுத்த ரிப்போர்ட் இரண்டும் கையில் இருப்பதால் சொல்கிறேன். வெள்ளை அணு 12,000-லிருந்து 9,000-க்குள் வந்தது. எச்.டி.எல். 33-லிருந்து 39. ஹீமோகுளோபின் 16.8-லிருந்து 15.4. முதல் தடவை ஹீமோகுளோபின் இறங்கியதைப் பார்த்து அம்மா பதறிவிட்டார்கள். ஆனால் எடை கூடிவிட்டது, அதோடு சர்க்கரையும் கொஞ்சம் ஏறியது, அதற்காக நடக்கிறேன்.

எனக்கு உண்மையில் உதவியது அந்த எண்கள்தான். நுரையீரல் கெடும், இதயம் கெடும் என்று எல்லாரும் சொல்வார்கள், பாக்கெட்டில் படமே போட்டிருக்கிறது, பழகிவிட்டது. ஆனால் என் பெயர் போட்ட தாளில் என் ரத்தம் மாறியிருப்பதைப் பார்த்தபோது வேறு மாதிரி இருந்தது.

வெள்ளை_உடுப்பு

ரொம்ப சந்தோஷம் தம்பி. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், எந்த எண் எப்போது திரும்பும் என்பது ஒரே மாதிரி இருக்காது. கார்பன் மோனாக்சைடு ஓரிரு நாளில் வெளியேறிவிடும். எச்.டி.எல். சில வாரங்களில் ஏறத் தொடங்கும். வெள்ளை அணு சீக்கிரமே இறங்க ஆரம்பித்தாலும், நீண்ட நாள் புகைத்தவருக்கு முழுதாக இறங்க வருஷங்கள்கூட ஆகலாம். அதனால் விட்ட மறுமாதம் எடுத்துப் பார்த்து "ஒன்றும் மாறவில்லையே" என்று திரும்பவும் பற்றவைக்காதீர்கள். விட நினைக்கிறவர்கள் 1800-11-2356 என்ற தேசிய எண்ணுக்குப் பேசலாம், கட்டணம் இல்லை. கம்பெனிக்குத் தெரியாது, அதையும் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன்.

செங்கல்_சாலை

எங்கள் சங்கக் கூட்டத்தில் இதை வைக்கப்போகிறேன். மூன்று கோரிக்கை: முகாம் இரவு ஷிப்ட் முடிந்த வேளையில் வேண்டாம், புகை பற்றிய கேள்வி டாக்டரிடம் மட்டும் போகட்டும், ரிப்போர்ட்டின் நகல் வருஷாவருஷம் தொழிலாளி கையில் சேர்ந்தாற்போல் ஃபைலாக இருக்கட்டும். உலைப் பிரிவுக்கு ஷிப்ட் முடிவில் கார்பன் மோனாக்சைடு டெஸ்ட்டும் கேட்கலாமா சிஸ்டர்?

வெள்ளை_உடுப்பு

கட்டாயம் கேளுங்கள். ரத்தம்கூட வேண்டாம், மூச்சை ஊதிப் பார்க்கும் கருவி இருக்கிறது. ஆனால் புகைக்காத ஆட்களையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். புகைக்கிறவருக்கு ஏறியிருந்தால் சிகரெட் மேல் பழியைப் போட்டு முடித்துவிடுவார்கள். சிகரெட்டைத் தொடாதவருக்கு ஷிப்ட் முடிவில் ஏறியிருந்தால் உலைப் பக்கத்துக் காற்றோட்டத்தைச் சரிசெய்வதைத் தவிர அவர்களுக்கு வேறு பதில் இல்லை.

மூன்றாம்_ஷிப்ட்

அந்த 27 வயசுப் பையன் புகைக்காதவன்தான், உலையிலும் என்கூடத்தான் நிற்கிறான். முதல் பெயராக அவனைக் கொடுக்கிறேன், அவனும் சரி என்றுவிட்டான். நான் ஞாயிற்றுக்கிழமை வேறு லேபில் திரும்ப எடுக்கிறேன், டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். சீனியருக்குச் சிறுநீர் டெஸ்ட் எடுத்தாகிவிட்டது, அல்புமின் இல்லை.